பாபெட் சமைத்தாள், நமக்கேன் கண்ணீர்?

1871-இல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது கணவனையும் மகனையும் பறிகொடுத்த பாபெட், டென்மார்க்கின் ஜட்லண்ட் கடற்கரைக் கிராமம் ஒன்றில் அடைக்கலம் புகுகிறாள். மதபோதகரின் மகள்களான இரு முதிய சகோதரிகளுக்குச் சம்பளமின்றிச் சமைக்கிறாள். 14 ஆண்டுகள் கழித்து லாட்டரியில் 10,000 பிராங்க் விழுகிறது. கிளம்பிவிடுவாள் என்று சகோதரிகள் கலங்க, அவளோ அவ்வளவு பணத்தையும் ஒரே இரவு விருந்தில் கரைத்துவிடுகிறாள். கேரன் பிளிக்சனின் கதையை வைத்து கேப்ரியல் ஆக்செல் 1987-இல் எடுத்த ‘பாபெட்டின் விருந்து’, சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கரை வென்ற முதல் டேனிஷ் படம்.

விருந்துக்காக உயிரோடு வந்திறங்கிய ஆமையைக் கண்டு மிரண்ட ஊரார், சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று சபதம் செய்துகொள்கிறார்கள். வாய் சபதத்தைக் காக்கிறது, முகம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பழைய பகைகள் இளகுகின்றன.

பார்க்கும் நமக்கும் அதே கதிதான். சோகமான காட்சியே இல்லை, ஆனாலும் தொண்டை அடைக்கிறது, நெஞ்சுக்குள் இதமாகச் சூடு பரவுகிறது. அடுத்தவரின் நற்செயலைக் கண்டு எழும் இந்த உணர்வை, 2000-இல் அமெரிக்க உளவியலாளர் ஜோனதன் ஹைட் தனி ஆய்வுப்பொருளாக்கினார். அவருக்கு முன்னோடி, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன்: நல்ல செயல்களைப் பற்றி வாசிக்கும்போது நெஞ்சு விரிவதை 1771-இலேயே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

இப்படி நெகிழும்போது மெய்யும் சிலிர்க்கிறது, கண்ணும் நிறைகிறது. மெய்சிலிர்ப்பது, தன்னியக்க நரம்பு மண்டலத்தின் ஒரு பாதியான சிம்பதடிக் நரம்புகளின் வேலை. அவை மயிர்க்கால் தசைகளைச் சுருக்குகின்றன. கண்ணீர்ச் சுரப்பியை இயக்குவது முக்கியமாக அந்த மண்டலத்தின் மறுபாதியான பாராசிம்பதடிக் நரம்புகள். உடலை முடுக்குவதும் அமைதிப்படுத்துவதுமான இரண்டும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன.

இதில் என்னை அசத்தியது 2008-இல் ஹைட்டும் ஜெனிபர் சில்வர்ஸும் வெளியிட்ட ஆய்வு. பாலூட்டும் தாய்மார்கள் 42 பேர், கைக்குழந்தைகளோடு. சிலருக்கு நெகிழவைக்கும் காணொளி, மற்றவர்களுக்கு நகைச்சுவை. நெகிழ்ந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குப் பால் கசிந்தது, அல்லது அவர்கள் குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். சிரித்தவர்களில் அப்படி வெகு சிலரே. பால் இறங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். அதனால் நெகிழ்ச்சிக்குப் பின்னாலும் அது இருக்கலாம் என்ற ஊகம் எழுந்தது. ஊகம்தான், அந்த ஆய்வில் ஹார்மோனை நேரடியாக அளக்கவில்லை, ஆட்களும் குறைவு. ‘அன்பு ஹார்மோன்’ என்று ஆக்ஸிடோசினுக்குப் பட்டம் சூட்டுவோரை நம்ப நான் தயாரில்லை.

படத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: வயிறாரச் சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். காடைக்கறி வரும் இடத்தில் பசியோடு இருப்பது பெரும் வதை.