அமராத கார்டெல்லாம் பழுதான கார்டு அல்ல

கம்ப்யூட்டர் உதிரிபாக வியாபாரத்தில் உள்ள நம் உறுப்பினர்களுக்குள் அடிக்கடி மனத்தாங்கலை உண்டாக்கும் சரக்கு கிராபிக்ஸ் கார்டு. "ஸ்லாட்டில் உட்காரவே மாட்டேன் என்கிறது, மாற்றிக் கொடுங்கள்" என்கிறார் சில்லறைக் கடைக்காரர். "பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, கார்டில் கீறலும் இருக்கிறது, கம்பெனி ஏற்காது" என்கிறோம் மொத்தக் கடையில் உள்ள நாங்கள். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பவர், முகூர்த்தச் சீசனில் கல்யாண வீடியோவை முடித்துக் கொடுக்க வேண்டிய ஸ்டூடியோக்காரர்.

இப்படித் திரும்பி வரும் கார்டுகளைக் கேபினெட் இல்லாமல், மேசைமேல் வைத்த மதர்போர்டில் மாட்டிப் பார்க்கிறோம். பெரும்பாலானவை ஒழுங்காக அமர்ந்து டிஸ்ப்ளே கொடுத்துவிடுகின்றன. குறை கார்டில் இல்லை, மாட்டிய இடத்தில் இருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் பலத்தைக் காட்டி அழுத்தியதில் ஸ்லாட்டோ, லாக்கோ உடைந்திருந்தால் அந்த நஷ்டத்தை யாரும் ஏற்கமாட்டார்கள். உடைந்த பொருளுக்கு வாரண்டி கிடையாது. ஒரு கார்டில் நிற்கும் லாபத்தை நாம் அறிவோம். ஒரு மதர்போர்டு போனால் பல கார்டு விற்ற லாபம் போனதாகக் கணக்கு.

"புதுக் கார்டு, பழைய போர்டு, அதனால் பொருந்தவில்லை" என்று சொல்லப்படுவதை முதலில் பார்ப்போம். 2004 வாக்கில் ஏ.ஜி.பி. ஸ்லாட்டுக்குப் பதிலாக பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் வந்தது. அதன் பிறகு தலைமுறைகள் பல மாறினாலும் ஸ்லாட்டின் உருவம் மாறவில்லை. 16 லேன் ஸ்லாட்டில் 164 தொடர்புகள் உண்டு. நடுவே உள்ள தடுப்புக்கு முன்னால் 22, பின்னால் 142. கார்டின் தங்க முலாம் பூசிய விளிம்பில் உள்ள வெட்டு இந்தத் தடுப்பின்மேல் சரியாக இறங்க வேண்டும். ஆகவே அதே நீளமுள்ள பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் கார்டு இறங்கவில்லை என்றால், ஏதோ ஒன்று குறுக்கே நிற்கிறது என்றுதான் பொருள்.

குறுக்கே நிற்பவை எவை? நாங்கள் கண்டவரை இவைதான்:

1. புதுக் கார்டின் விளிம்பில் போட்டு வரும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் மாட்டுவது.

2. கார்டின் பின்புற இரும்புத் தகட்டின் கீழ்முனை நாக்குப்போல் நீண்டிருக்கும். அது மதர்போர்டுக்கும் கேபினெட்டுக்கும் இடையே உள்ள சந்தில் இறங்க வேண்டும். போர்டின் விளிம்பில் முட்டிக்கொண்டு நின்றால் எவ்வளவு அழுத்தினாலும் கார்டு இறங்காது.

3. கார்டின் பருமனுக்கு ஏற்ப கேபினெட்டின் பின்புற மூடிகள் இரண்டோ மூன்றோ கழற்றப்பட வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றிவிட்டு அழுத்துவோர் உண்டு.

4. மதர்போர்டைத் தாங்கும் பித்தளைக் கால்கள் உயரம் மாறியோ, இடம் மாறியோ இருப்பது. யு.எஸ்.பி. துளைகளைச் சுற்றியுள்ள பின்பக்கத் தகட்டின் நாக்குகள் மடங்கி, போர்டைச் சற்று முன்னே தள்ளிவிடுவதும் உண்டு. மலிவான கேபினெட்டில் தகடே வளைந்திருக்கலாம்.

5. கார்டின் முன்முனை ஃபேனிலோ, ஹார்டு டிஸ்க் கூண்டிலோ இடிப்பது. பெரிய கார்டுகள் 300 மில்லிமீட்டரையும் தாண்டுகின்றன. கார்டுக்கு அடியில் சிக்கிய கேபிளும் இதே வேலையைச் செய்யும்.

6. ஸ்லாட் முனையில் உள்ள லாக் மூடிய நிலையில் இருப்பது.

மாட்டும் முறையும் கடினமானதல்ல. மின்சாரத்தை நிறுத்தி, எஸ்.எம்.பி.எஸ். வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடிந்துவிடும். கேபினெட்டைப் படுக்க வைத்து, அதன் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். ஸ்லாட்டில் தூசி இருந்தால் மென்மையான பிரஷ் போதும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். லாக்கைத் திறந்து, தகட்டின் நாக்கு சந்தில் இறங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, கார்டின் இரு முனைகளையும் சமமாக அழுத்துங்கள். "கிளிக்" என்று லாக் விழும். விழாமல் எதிர்ப்பு வந்தால் உடனே நிறுத்தி, கார்டை வெளியே எடுத்துக் குறுக்கே நிற்பது எது என்று தேடுங்கள். பதறாத காரியம் சிதறாது.

லாக் விழுந்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தங்க விளிம்பு ஒருபக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் வெளியே தெரிந்தால் கார்டு சாய்ந்திருக்கிறது. தகடு சரியாகப் பொருந்தாத கேபினெட்டில் ஸ்குரூவை முடுக்கும்போதே கார்டு ஸ்லாட்டிலிருந்து மேலெழும்பும். ஆகையால் ஸ்குரூ போட்ட பிறகும் ஒருமுறை பார்க்க வேண்டும். கழற்றும்போது லாக் கைக்கு எட்டாவிட்டால் பிளாஸ்டிக் ஸ்கேலால் தள்ளுங்கள். ஸ்குரூ டிரைவர் வழுக்கினால் போர்டின் மெல்லிய தடங்களை அறுத்துவிடும்.

அடுத்தது மின் இணைப்பு. ஸ்லாட் மூலமாக அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். மீதியை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் தனி வயர் கொடுக்க வேண்டும். 2022-ல் ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டு வெளிவந்த சில வாரங்களிலேயே அதன் 16 பின் இணைப்பு உருகியதாகப் புகார்கள் எழுந்தன. இணைப்பை முழுவதும் செருகாததே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று என்விடியா நிறுவனம் அந்த ஆண்டு நவம்பரில் தெரிவித்தது. 2023-ல் அந்த இணைப்பைத் திருத்தி, முழுதும் செருகப்பட்டதா என்று அறியும் சிறு பின்களைக் குட்டையாக்கினார்கள். பாதி செருகிய இணைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். மானிட்டர் வயரையும் மதர்போர்டில் செருகாமல் கார்டில் செருக வேண்டும். இந்த ஒன்றைப் பாராமலே "டிஸ்ப்ளே இல்லை" என்று திரும்பி வரும் கார்டுகள் உண்டு.

வெளியூருக்கு அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரைப் பார்சல் லாரியில் அனுப்புவோருக்கும் ஒரு வார்த்தை. பெரிய கார்டுகள் ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. லாரி குலுங்கும் குலுக்கலில் கார்டு ஸ்லாட்டை விட்டு நழுவும்; சில வேளை ஸ்லாட்டையே பெயர்த்துவிடும். கார்டைக் கழற்றி அதன் பெட்டியிலேயே தனியாக அனுப்புவது நல்லது. போய்ச் சேர்ந்த ஊரில் மாட்டிக்கொண்ட பிறகு, அடியில் ஒரு தாங்கு கம்பி கொடுக்கச் சொல்லுங்கள்.

சில்லறைக் கடைக்காரர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. பில் போடுவதற்கு முன் வாடிக்கையாளரின் கேபினெட் அளவைக் கேட்டு, கார்டின் நீளத்தோடும் பருமனோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். அமராத கார்டை ரிட்டர்ன் அனுப்புவதற்கு முன் கேபினெட்டுக்கு வெளியே, திறந்த போர்டில் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். அங்கும் அமரவில்லை, அல்லது அமர்ந்தும் வேலை செய்யவில்லை என்றால் தயங்காமல் கொண்டு வாருங்கள்.

மொத்த வியாபாரிகளாகிய எங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ரிட்டர்ன் வந்ததும் கீறலைக் காட்டிக் கையை விரிக்காமல், கொண்டு வந்தவர் கண்ணெதிரிலேயே சோதித்துக் காட்ட வேண்டும். அதற்கென ஒரு போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் எப்போதும் மேசைமேல் தயாராக இருக்கட்டும். பத்து நிமிட வேலைதான். பல வருடக் கொடுக்கல் வாங்கல் அதனால் கெடாமல் நிற்கும்.