நாற்காலியில் கழியும் எட்டு மணி நேரம்



மிஷன் மருத்துவமனை என்றதும் பிரசவம், காசநோய், தொழுநோய், கண் முகாம் ஆகியவையே நம்மில் அநேகருடைய நினைவுக்கு வரும். அந்த வேலைகள் இன்னும் முடிந்துவிடவில்லை. ஆனால் இன்று வெளிநோயாளர் பிரிவின் பெஞ்சில் இன்னொரு கூட்டமும் அமர்ந்திருக்கிறது. வங்கி ஊழியர்கள், அரசு அலுவலக எழுத்தர்கள், கணக்கர்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்யும் இளைஞர்கள். வயது பெரும்பாலும் 35க்கும் 50க்கும் இடையில். காயமோ காய்ச்சலோ இல்லை. "கொஞ்சம் அசதியாக இருக்கிறது, டாக்டர்" என்றுதான் வருகிறார்கள். பரிசோதனை முடிவு வந்த பிறகே இரத்தக் கொதிப்போ சர்க்கரை வியாதியோ தெரியவருகிறது. இவர்களில் பலர் தங்கள் குடும்பத்தில் சம்பாதிக்கும் ஒரே நபர்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த கணக்கெடுப்பின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை வியாதி இருப்பதாகவும், மேலும் 13 கோடிக்கு அதிகமானோர் அதன் வாசலில் நிற்பதாகவும் அது மதிப்பிட்டது. நகரங்களில் இந்த வியாதி கிராமங்களைவிட அதிகம்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் வியாதிக்கும் உள்ள தொடர்பு ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1953-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக லண்டனில் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் மாடிப் பேருந்துகளில் வேலை செய்கிறவர்களைக் கவனித்தார்கள். ஓட்டுநரும் நடத்துனரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஒரே நெரிசலில் வேலை செய்கிறவர்கள். ஓட்டுநர் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார். நடத்துனரோ டிக்கெட் கொடுப்பதற்காக நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு ஓட்டுநர்களுக்கே அதிகமாக வந்தது. தபால் துறையிலும் இதே கதைதான். கடிதம் சுமந்து நடந்தவர்களைவிட, மேஜையில் உட்கார்ந்திருந்தவர்களின் இதயமே அதிகம் பாதிக்கப்பட்டது.

உட்கார்ந்திருப்பதோடு மனஅழுத்தமும் சேரும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. மேலதிகாரியின் கோபத்தையும் மார்ச் மாதக் கணக்கு முடிப்பையும் நம் சரீரம் ஏதோ ஒரு மிருகம் துரத்துவதுபோலவே எடுத்துக்கொள்கிறது. ஓடுவதற்கு ஆயத்தமாக, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. நாமோ ஓடுவதில்லை, அதே நாற்காலியில் இருந்துகொண்டு ஒரு டீயும் வடையும் வரவழைக்கிறோம். மனம் நொந்திருக்கும் நேரத்தில் இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் நாக்கு தேடுவதற்கும் இதே அழுத்தம்தான் காரணம். அதைப் பேராசை என்று யாரும் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

அழுத்தம் பெரிய அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது என்றும் எண்ண வேண்டாம். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967-ல் தொடங்கிய நீண்ட ஆய்வில், இதயநோயால் மரிப்பவர்களின் விகிதம் கடைநிலை ஊழியர்களிடையேதான் மிக அதிகமாக இருந்தது. புகைப்பழக்கம் போன்ற காரணங்கள் அதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின.

இனி நம்பிக்கை தரும் செய்திக்கு வருவோம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2006-ல் வெளியானது. அதில் கலந்துகொண்ட 531 பேருக்கும் சர்க்கரை வியாதி அப்போது வந்திருக்கவில்லை. ஆனால் வரும் நிலையில் இருந்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற பிரிவில், மூன்று ஆண்டுகளில் 100க்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நாளொன்றுக்கு அரை மணி நேரம் வேகமாய் நடந்து, சீனியையும் எண்ணெயையும் மாவுப்பண்டங்களையும் குறைக்கும்படி தொடர்ந்து வழிநடத்தப்பட்ட பிரிவில் அது 39 பேராகக் குறைந்தது. மாத்திரை பெற்ற பிரிவுக்கும் ஏறத்தாழ இதே அளவு பலன்தான் கிடைத்தது. எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று இதில் உண்டு. நடந்தவர்களின் எடை குறிப்பிடும்படி குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது. இரண்டு மாதம் நடந்தும் தராசு முள் அசையவில்லை என்று மனம் சோர்ந்து விட்டுவிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்.

"நேரமே இல்லையே, டாக்டர்" என்பதுதான் நாங்கள் அதிகமாகக் கேட்கும் பதில். அது பொய் அல்ல. ஆகையால் புதிதாக ஒரு மணி நேரத்தைத் தேடாமல், ஏற்கெனவே இருக்கும் நாளுக்குள்ளேயே இடம் பார்க்கச் சொல்லுகிறோம்.

முதலில் டீ. அலுவலகத்தில் ஐந்து டீ குடிப்பது சகஜம். ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம். வருஷத்துக்கு 18 கிலோ! நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும். இந்த வாரம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த வாரம் ஒன்று என்று இறங்குங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பிறகு பழைய டீயைக் குடித்தால் பாயசம்போல் இருக்கும். தேனும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் கெடுதல் செய்யாது என்ற எண்ணம் தவறு. அவையும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறவையே.

அடுத்தது மதியச் சாப்பாடு. டிபன் கேரியரின் பெரிய அடுக்கில் சாதமும், சின்னக் கிண்ணத்தில் பொரியலும் இருப்பதுதான் நம் வழக்கம். அதை மாற்றிப் போடுங்கள். பெரிய அடுக்கில் காய்கறியும் கீரையும், இன்னொன்றில் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ, சிறியதில் சாதம். சோறு சாப்பிடவே கூடாது என்று நாங்கள் சொல்லுவதில்லை. அப்படிச் சொன்னால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். "சப்பாத்திக்கு மாறிவிட்டேன்" என்று பெருமையோடு சொல்லுகிறவர்களிடம், எத்தனை சப்பாத்தி என்று கேட்பதுண்டு. ஆறு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் என்றால் மாற்றம் ஏதும் இல்லை.

சாப்பிட்டவுடனே மேஜைக்குத் திரும்பாமல் பத்து நிமிஷம் நடப்பது மிகுந்த பலன் தரும். நடக்கும்போது கால் தசைகள் இன்சுலினுக்குக் காத்திராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளுகின்றன. காலையில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தால் இன்னும் பத்து நிமிஷம், இரவு உணவுக்குப்பின் தெருவில் பத்து நிமிஷம்; அரை மணி நேரம் நிறைந்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும் என்றும், சிறு சிறு அசைவும் கணக்கில் சேரும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவித்தது. வேகம் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. (பாடகர் குழுவில் இருப்பவர்களுக்கு இந்த அளவுகோல் பொருந்துமோ என்னவோ!)

மாலை நான்கு மணிப் பசியை வெல்வது கடினம், முக்கியமாகக் காலை ஆகாரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களுக்கு. மேஜை இழுப்பறையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, பையில் ஒரு கொய்யாப்பழமோ இருந்தால் பஜ்ஜிக் கடை சற்றுத் தூரமாகிவிடும். நம் சபைகளின் கமிட்டிக் கூட்டங்களிலும் கேக், சமோசா, மிக்ஸருக்குப் பதிலாகச் சுண்டல் வைக்கலாமே என்று உரிமையோடு கேட்டுக்கொள்ளுகிறோம். தூக்கம் ஏழு மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்.

வேலைக்குப் போகும் சகோதரிகளைப்பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் சமைத்து, நின்றபடியே எதையோ விழுங்கி, பஸ் பிடித்து, இரவில் மிச்சமிருப்பதைச் சாப்பிட்டுக் கடைசியாகப் படுக்கிறார்கள். "வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே" என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் சரியல்ல. அடுப்படியில் நிற்பது களைப்பைத் தரும். இதயத்துக்கு வேண்டிய வேகத்தைத் தராது. மாலையில் அவர்கள் அரை மணி நேரம் நடக்க வேண்டுமானால், அந்நேரம் வீட்டில் வேறொருவர் பாத்திரம் கழுவ வேண்டும். மருந்துச் சீட்டில் எழுத முடியாத இந்த ஆலோசனையைக் கணவன்மாரிடம் வாயால் சொல்லிவருகிறோம்.

நடக்கத் தொடங்குமுன் சில காரியங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையிலோ தாடையிலோ வலியோ, மூச்சு முட்டலோ வந்தால் உடனே நின்றுவிட்டு, தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வாருங்கள். வாயுத்தொல்லை என்று சோடா குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களும் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளட்டும், பொருத்தமான காலணி அணியட்டும். 30 வயது தாண்டியவர்கள் ஆண்டுக்கொருமுறை இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனையும் ஒன்று உண்டு. தையற்காரரின் அளவு நாடாவால் வயிற்றுச் சுற்றளவை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதற்கு மேல் இருந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திராமல் இந்த மாதமே வந்து இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.