மீன்தொட்டியைத் தாங்கும் மேடை

நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மீன்தொட்டியை விளிம்புவரை நிரப்பினால், நீரின் எடை மட்டுமே ஏறத்தாழ 255 கிலோ ஆகும். கண்ணாடியும் மணலும் சேரும்போது அது 300 கிலோவைத் தாண்டிவிடும். இச்சுமை மேடையின் மேல்சட்டத்திலிருந்து கால்களின் தலைமேல் நேராக இறங்க வேண்டுமேயன்றி, பக்கவாட்டில் முடுக்கிய திருகாணிகளில் தொங்கக் கூடாது. மரக்காணம் உப்பளங்களை அடுத்த வானூர் வட்டாரத்தில் உப்பேறிய ஈரக்காற்று இரும்பை விரைவில் அரிப்பதாலும், மேடை செய்யப் பயன்படும் இரும்புச் சதுரக்குழாய் உட்புறமாகத் துருப்பிடிப்பது வெளியே தெரியாது என்பதாலும், குழாயின் திறந்த முனைகளை அடைத்து, பற்றவைத்த இணைப்புகளில் துருத்தடுப்புப் பூச்சு பூசுவது கட்டாயமாகிறது. செங்கல் தூண்களின்மேல் கருங்கற்பலகை இடுவது இரும்பு மேடையினும் மேலானது. அடிச்சட்டம் இல்லாத தொட்டியாயின், பலகைமேல் விரிக்கப்படும் தெர்மாகோல் தாள், கண்ணாடியின் ஒரே புள்ளியில் அழுத்தம் குவிந்து விரிசல் விழாமல் காக்கும்.