டிராக்டரில் முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும் குடியானவன், பாரம் முன்னே மிகுந்தால் மாடுகளின் கழுத்து நோகும், பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு மாடுகளை நெரிக்கும் என்பதை நன்கு அறிவான். இரண்டொரு மூட்டைகளை இடம் மாற்றி வைத்த பின்னரே அவன் வண்டியை ஓட்டுவான். அதே மனிதன் டிராக்டர் வாங்கியதும் இக்கணக்கை மறந்துவிடுவது வியப்பே. டிராக்டரிலும் முன்பாரம் பின்பாரம் உண்டு. அது நிற்கும்பொழுது ஒருவிதமாகவும், இழுக்கும்பொழுது வேறுவிதமாகவும் இருக்கும்.

பின்சக்கரங்களால் இழுக்கும் டிராக்டர் நிற்கையில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை முன்சக்கரங்களின் மீது தங்குகிறது. இழுக்கத் தொடங்கியதும் அதில் ஒரு பகுதி பின்பக்கத்துக்கு மாறுகிறது. பின்சக்கரங்கள் மண்ணைப் பற்றுவதற்கு இது அனுகூலமே. அளவு மீறினால்தான் அபாயம். மாறும் எடையை அறிய, இழுப்பின் அளவைக் கொக்கியின் உயரத்தால் பெருக்கி, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள நீளத்தால் வகுக்க வேண்டும். 2,000 கிலோ எடையுள்ள டிராக்டரின் முன்சக்கரங்களில் 700 கிலோ இருப்பதாகவும், அச்சுகளின் இடைவெளி 2 மீட்டர் என்றும், இழுப்பு 800 கிலோ என்றும் கொள்வோம். கொக்கி அரை மீட்டர் உயரத்தில் இருந்தால் 200 கிலோ பின்னே மாறும். முன்னே 500 எஞ்சும். அதே சங்கிலியை 1 மீட்டர் உயரத்தில் மாட்டினால் 400 கிலோ மாறி, முன்னே 300 மட்டுமே எஞ்சும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்னே இல்லாவிடில் ஸ்டியரிங் சொன்னபடி கேளாது. மேட்டில் ஏறும்பொழுதும் கிளட்சைத் திடீரென்று விடும்பொழுதும் நிலைமை இன்னும் மோசமாகும்.

அமெரிக்காவில் கால் மைல் தூரம் நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயக் கார்களிலும் இதுவே நடக்கிறது. அங்கே எடையைப் பின்னே தள்ளுவது சுமையன்று, புறப்படும் வேகம். முன்சக்கரங்கள் அந்தரத்தில் எழுவதை அடக்க, காரின் பின்னே சிறு சக்கரம் பூட்டிய தண்டுகளைப் பொருத்துவார்கள். பாரக் கட்டிகளை முன்னும் பின்னுமாக மாற்றி வைத்துச் சோதிப்பார்கள். உழவு டிராக்டரில் அத்தகைய தண்டு இல்லை.

1917-இல் ஹென்றி போர்டு வெளியிட்ட போர்ட்ஸன் டிராக்டர், மலிவான விலையால் எங்கும் பரவிற்று. ஆனால் கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கினால், முன்பக்கம் மேலெழுந்து, ஓட்டுகிறவன் மீதே யந்திரம் மல்லாந்து விழும். உயிர்ச்சேதம் பல நேர்ந்தன. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன், கலப்பையை மூன்று இணைப்புகளால் டிராக்டரோடு ஒன்றாகப் பிணைக்கும் முறையை வகுத்தார். 1939-இல் அது போர்டு டிராக்டரிலும் அமைந்தது. கலப்பை தடைபட்டால் மேல் இணைப்பு முன்னோக்கித் தள்ள, முன்பக்கம் எழாமல் அழுந்துகிறது. இன்றைய டிராக்டர்களில் பெரும்பாலும் இதே அமைப்புத்தான். எனினும் இப்பாதுகாப்பு மூன்று இணைப்பிலும் பூட்டிய கருவிக்கே உரியது. மரத்தை இழுக்க மேல் இணைப்பிலோ பின் அச்சிலோ சங்கிலி கட்டுகிறவனுக்கு அது உதவாது. சங்கிலி கட்ட வேண்டிய இடம் தாழ்வான இழுகொக்கி ஒன்றே.

இனிப் பாரம் சேர்ப்பது. பின்சக்கரங்களில் இரும்பு வட்டுகளை மாட்டலாம். டயரில் தண்ணீர் நிரப்பலாம். காற்றுவாய் உச்சியில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, அம்மட்டம் வரை நிரப்பினால் முக்கால் பங்கு நிறையும். 13.6–28 அளவுள்ள டயர் சுமார் 200 லிட்டர், அதாவது 200 கிலோ கொள்ளும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை. பாரம் போதுமா என்பதைப் புஞ்சையிலேயே பார்த்துவிடலாம். பின்டயரில் சுண்ணாம்புக் கோடிட்டு, கருவியைத் தூக்கியபடி பத்துச் சுற்று ஓட்டித் தூரத்தை அளந்துகொள்க. பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்று ஓட்டுக. முன்னது 40 மீட்டர், பின்னது 35 மீட்டர் எனில் வழுக்கல் நூற்றுக்கு 12½. எட்டுக்கும் பதினைந்துக்கும் இடையே இருப்பது நலம். அதற்கு மேற்பட்டால் டீசலும் டயரும் வீண். மிகக் குறைந்தாலோ பாரம் அதிகம், யந்திரத்துக்கும் மண்ணுக்கும் கேடு. நஞ்சையில் சேறடிக்கும்பொழுது தண்ணீரையும் வட்டுகளையும் நீக்கிவிட்டுக் கூண்டுச் சக்கரம் பூட்டுவதே தகும். பாரம் ஏற்றிய டிராக்டர் சேற்றின் அடிமண்ணை இறுக்குவதோடு தானும் புதையும்.

புதைந்தபின் செய்யும் ஒரு காரியம் மிகக் கொடியது. பின்சக்கரத்தின் முன்னே மரக்கட்டையை வைத்து, அதைச் சக்கரத்தோடு சங்கிலியால் பிணைத்து, முன்கியரில் முடுக்குகிறார்கள். சக்கரம் சுழல வழியின்றி நிற்க, எஞ்சினின் சக்தி முழுவதும் டிராக்டரின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்குகிறது. மீள முடியாத நிலையை அடைய ஒன்றரை நொடி கூட ஆகாது. குதித்துத் தப்ப நேரமில்லை. சக்கரங்களின் பின்னே சேற்றைத் தோண்டி, ரிவர்ஸ் கியரில் மெல்ல வெளியேற வேண்டும். அது முடியாவிடில் வேறு டிராக்டரைக் கொணர்ந்து, இழுகொக்கியில் நீண்ட சங்கிலி மாட்டி, ஆட்களை விலகி நிற்கச் செய்து இழுக்க வேண்டும்.