மரத்துப்போகும் கைகால்கள்: தைராய்டு நோயாளர் அறிய வேண்டியவையும் கேட்டுப்பெற வேண்டியவையும்

தைராய்டு குறைசுரப்புக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டுவரும் ஒருவருக்கு உள்ளங்கால் எரிச்சலோ, விரல்நுனி மரத்துப்போவதோ, எறும்பு ஊர்வது போன்ற உணர்வோ தோன்றும்போது, அதற்கும் தைராய்டே காரணம் என்று குடும்பத்தினர் முடிவுகட்டிவிடுவதும், அவசரமான சந்திப்பொன்றில் மருத்துவரும் அதையே ஏற்றுக்கொண்டுவிடுவதும் அமெரிக்கத் தமிழரிடையே அரிதல்ல. மருந்தின் அளவு சரியாக இருந்து, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். இயல்பான வரம்புக்குள் (பொதுவாக 0.4 முதல் 4.0 வரை) நிலைத்த பின்னரும் மரப்பு தொடருமானால், வேறொரு காரணத்தைத் தேடியாக வேண்டும். தேடாமல் கழியும் மாதங்களுக்கு நரம்பே விலை கொடுக்கிறது.

சென்னை உள்ளிட்ட எட்டு இந்திய நகரங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு குறைசுரப்பு இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் இது 5 விழுக்காட்டை ஒட்டியது. ஆய்வு முறைகள் வேறானவை ஆதலால் இவ்வெண்களை அப்படியே ஒப்பிட இயலாதெனினும், எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ ப்ளேனோவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களில், தெரிந்தவர் வட்டத்தில் ஒருவரேனும் இந்த மாத்திரையை உட்கொள்ளாத குடும்பத்தைக் காண்பது கடினம்.

தைராய்டு குறைசுரப்பே நரம்பைத் தாக்கும் வழியும் உண்டு. சுரப்பு குறையும்போது, நீரைப் பிடித்துவைக்கும் ஒருவகைச் சர்க்கரைச் சேர்மங்கள் திசுக்களில் சேர்ந்து வீக்கம் உண்டாவதால், மணிக்கட்டு எலும்புகளுக்கும் அவற்றின்மேல் கிடக்கும் தசைநார்ப் பட்டைக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் செல்லும் நரம்பு நசுங்குகிறது. 'கார்ப்பல் டனல்' எனப்படும் இந்நிலையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் ஒருபாதி ஆகியவை இரவில் மரத்துப்போகும். கையை உதறினால் சற்றுக் குறையும். நாள் முழுவதும் கணினி முன் அமர்வோர் நிறைந்த கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் இதற்கான பழி முழுவதையும் விசைப்பலகையே சுமப்பதால், ஒருமுறைகூட டி.எஸ்.எச். பார்க்காமல் மணிக்கட்டுப் பட்டை அணிந்தே ஆண்டுகளைக் கடத்துவோர் உண்டு. மாறாக, சுண்டுவிரலில் மட்டும் மரப்பு இருந்தால் அது வேறொரு நரம்பின் சிக்கலாகும். இரு பாதங்களிலும் காலுறை அணிந்தாற்போல் ஒருசேர மரப்பு ஏறிவந்தால், சர்க்கரை நோயையும் வைட்டமின் பி12 குறைவையும் முதலில் பார்க்க வேண்டும்.

பி12 குறைவு தைராய்டு நோயாளரிடம் கூடுதலாகக் காணப்படுவதற்குத் திட்டமான காரணம் உள்ளது. ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்ததும், அமெரிக்காவில் தைராய்டு குறைசுரப்புக்கு முதன்மைக் காரணமாக இருப்பதுமான ஹஷிமோட்டோ நோயில், உடலின் எதிர்ப்பாற்றல் தன் சொந்தத் தைராய்டு சுரப்பியையே தாக்குகிறது. இவ்வாறு தன்னைத்தானே தாக்கும் போக்கு ஓரிடத்தோடு நின்றுவிடுவதில்லை. சிலரிடம் அது இரைப்பையில் அமிலம் சுரக்கும் செல்களையும் அழிக்கிறது. உணவிலுள்ள பி12ஐச் சிறுகுடலின் கடைப்பகுதியில் உறிஞ்சுவதற்கு வேண்டிய புரதத்தை உண்டாக்குபவையும் அதே செல்கள்தாம். எனவே நாள்தோறும் மீனும் முட்டையும் உண்பவருக்கும்கூடக் கடுமையான பி12 குறைவு நேரலாம். அசைவம் சாப்பிடுபவருக்கு இந்தக் குறை வராது என்ற நம்பிக்கை தைராய்டு நோயாளர் மட்டில் செல்லாது.

உணவுப் பழக்கம் இதற்கு மேல் வந்து சேரும் சுமை. பூனேயில் நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வொன்றில் பங்கேற்றோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு பி12 பற்றாக்குறை இருந்தது. பூட்டானிய அகதிகள் வந்தபோது அமெரிக்காவிலும் இது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கவனிக்கப்பட்டது. அவர்கள் புறப்படுமுன் எடுக்கப்பட்ட 99 இரத்த மாதிரிகளில் 64 விழுக்காட்டில் பி12 குறைந்திருந்ததை நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2011இல் வெளியிட்டு, வந்திறங்கும் பூட்டானிய அகதிகள் அனைவருக்கும் பி12 தரும்படி பரிந்துரைத்தது. எச்1பி விசாவில் வந்திறங்கும் பொறியாளருக்கோ, பேரப்பிள்ளையைப் பார்க்க வரும் பெற்றோருக்கோ அத்தகைய வரவேற்புப் பரிசோதனை எதுவும் கிடையாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு பி12 தேவை 2.4 மைக்ரோகிராம், ஒரு கோப்பைப் பாலில் இருப்பது ஏறத்தாழ அதில் பாதி. பாலும் தயிரும் தாராளமாகச் சேர்க்கும் வீட்டில் உறிஞ்சும் திறன் குறையாதவருக்கு இது போதலாம். ஆனால் புளித்த இட்லி மாவை பி12க்கு நம்ப இயலாது. பாலையும் விட்டு ஓட்ஸ் பாலுக்கு மாறும் இளந்தலைமுறையினர், பி12 சேர்க்கப்பட்டதா என்று அட்டையில் பார்த்தே வாங்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு அம்மருந்தே பி12 அளவைக் குறைக்கக்கூடும்.

பரிசோதனையில் ஒரு பொறி உண்டு. ஹீமோகுளோபின் இயல்பாக இருக்கிறது, ஆகவே பி12 குறைவு இருக்காது என்ற வாதம் தவறானது. ஃபோலிக் அமிலம் போதிய அளவு கிடைக்கும்போது இரத்தசோகை வெளிப்படாமலே நரம்புச் சிதைவு தொடரக்கூடும். அமெரிக்காவில் செறிவூட்டப்பட்ட தானிய மாவுகளில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது 1998 முதல் கட்டாயமாக உள்ளது. மேலும், பி12 குறைவு இரத்தச் சிவப்பணுக்களைப் பெரிதாக்க, இரும்புக் குறைவு அவற்றைச் சிறிதாக்க, இரண்டும் ஒன்றாக இருக்கும் பெண்களின் அறிக்கையில் அணுவின் சராசரி அளவு இயல்பானதாகவே அச்சாகிவிடுகிறது. ஆகவே பி12ஐத் தனியே அளக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழிருந்தால் குறைவு உறுதி. 200 முதல் 300 வரையிலான இடைநிலையில், பி12 குறையும்போது இரத்தத்தில் தேங்கும் மெத்தில்மலோனிக் அமிலத்தை அளந்து முடிவு செய்வது முறை. இதற்கு முன்பே ஊசியோ மாத்திரையோ போட்டுக்கொண்டு பரிசோதனைக்குச் செல்பவரின் அறிக்கை எதையும் சொல்லாது.

சிகிச்சை கடினமானதன்று. உறிஞ்சும் திறன் குன்றியவரிடமும், நாளொன்றுக்கு 1000 மைக்ரோகிராம் போன்ற உயர்ந்த அளவில் வாய்வழி கொடுக்கும் பி12இல் ஒரு சிறு பங்கு தானாகவே உட்செல்கிறது. நரம்புக் குறிகள் தெளிவாக உள்ளவருக்குப் பெரும்பாலும் ஊசியில் தொடங்குவார்கள். ஆனால் 'நரம்புச் சத்து மாத்திரை' என்ற பெயரில் விற்கும் கலவைகள் வேறு வகை. அவற்றில் சிலவற்றிலுள்ள பி6 வைட்டமின், அளவு மிஞ்சினால் நரம்பைத் தானே கெடுத்து, எந்த மரப்புக்காக மாத்திரை தொடங்கப்பட்டதோ அதே மரப்பை உண்டாக்கும். அமெரிக்காவில் இதன் மேல்வரம்பு நாளுக்கு 100 மில்லிகிராம்; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் தன் மேல்வரம்பை 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது.

தைராய்டு நோயாளரை அதைவிடக் குழப்புவது பயோட்டின் என்ற வைட்டமின். முடி உதிர்வது தைராய்டு குறைசுரப்பின் பழகிய அறிகுறி. அதற்கென 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் மாத்திரைகள் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. நாளொன்றுக்குப் போதுமான அளவோ 30 மைக்ரோகிராம் மட்டுமே. பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனை அளக்கப் பயோட்டின் ஒட்டும் தன்மையையே பயன்படுத்துவதால், இரத்தத்தில் மிதக்கும் கூடுதல் பயோட்டின் அந்தக் கணக்கைக் குலைத்து, டி.எஸ்.எச்.சைப் பொய்யாகக் குறைத்தும் தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோனைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். அதை நம்பி மருந்தின் அளவைக் குறைத்தால் உண்மையான குறைசுரப்பு மோசமாகும். முடி மேலும் கொட்டும். கை மேலும் மரக்கும். பயோட்டின் மேலும் வாங்கப்படும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரித்தது. தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் அறிவுரை.

இந்தியாவிலிருந்து வரும் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். வாரம் ஒன்றெனச் சில வாரங்களுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கப்படும் 60,000 அலகு வைட்டமின் டி பொட்டலத்தை, ஊரிலிருந்து வாங்கிவந்து ஆண்டுக்கணக்கில் தொடர்வதும், தவறி நாள்தோறும் உட்கொள்வதும் இரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். 2004இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வில், பாஸ்டன் பகுதித் தெற்காசியக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ இருந்தன. மூன்றுமே நரம்பு நஞ்சுகள். அமெரிக்கத் தயாரிப்பென்றாலும் கண்மூடி நம்புவதற்கில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊட்டச்சத்துத் துணைப்பொருள்கள் விற்பனைக்கு வருமுன் எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் பெற வேண்டியதில்லை. 'தைராய்டுக்கு நல்லது' என்று விற்ற பத்துப் பொருள்களைச் சோதித்த 2013ஆம் ஆண்டு ஆய்வில் ஒன்பதில் தைராய்டு ஹார்மோனே கலந்திருந்தது.

தைராய்டு குறைசுரப்புக்கான லெவோதைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, காபிக்கும் சிற்றுண்டிக்கும் முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். டிகாக்‌ஷன் இறங்கும் மணம் வந்த பிறகு இது கடினம்தான். ஆயினும் காபி மாத்திரை உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பது சோதித்தறிந்த செய்தி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சத்துக்குறைபாட்டுக்காகப் புதிதாக இரும்பு தொடங்கியவரின் டி.எஸ்.எச். திடீரென ஏறினால், அளவைக் கூட்டுமுன் நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்; மறுபரிசோதனை ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே பொருளுள்ளது.

சில குறிகள் காத்திருக்கக் கூடாதவை. தைராய்டு அறுவைக்குப் பின் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பும் கைவிரல்கள் இழுத்துக்கொள்வதும் கால்சியம் சரிந்ததன் அடையாளம். மிகைசுரப்புள்ள ஆண்களிடம், குறிப்பாக ஆசியரிடம், விடியலில் கால்கள் எழாமல் செயலற்றுப்போவது பொட்டாசியம் சரிவால் நேர்வது. நடை தள்ளாடுவதும் சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பதும் முதுகுத்தண்டு பாதிப்பாக இருக்கலாம். இவற்றுக்கு உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். மெடிகேரை ஏற்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவு எதுவாயினும், காப்பீடோ குடியுரிமையோ பாராமல் முதற்பரிசோதனை செய்து நிலைப்படுத்த வேண்டும் என்பது 1986 முதல் கூட்டாட்சிச் சட்டம்.

உரிமைகளில் பலரும் பயன்படுத்தாமல் விடுவது அறிக்கையைப் பெறும் உரிமை. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, ஆய்வக முடிவுகளை நோயாளியின் இணையக் கணக்கில் காரணமின்றித் தடுத்துவைக்கக் கூடாது; பழைய பதிவேடுகளைக் கேட்டால் 30 நாளுக்குள் தர வேண்டும். 'எல்லாம் நார்மல்' என்ற தொலைபேசிச் செய்தியோடு நின்றுவிடாமல் எண்ணைப் பார்ப்பது நல்லது. 210 என்ற பி12 அளவு பல ஆய்வகங்களில் இயல்பு என்றே அச்சாகும். கூட்டாட்சி நிதி பெறும் மருத்துவமனைகள் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசி வழியேனும் கட்டணமின்றி ஏற்படுத்தித் தர வேண்டும். பாட்டியின் சிறுநீர்த் தொல்லையைப் பன்னிரண்டு வயதுப் பேத்தி மொழிபெயர்க்கும் நிலை யாருக்கும் நல்லதன்று. அவசர நிலை தவிர்த்துச் சிறார்களை அப்பணிக்கு நம்புவதை விதியே விலக்குகிறது.

கட்டணச் சிக்கல் பெரும்பாலும் குறியீட்டில் தொடங்குகிறது. ஆண்டுப் பரிசோதனையில் பி12 கேட்டால் காப்பீட்டு நிறுவனம் மறுக்கலாம். எறும்பு ஊர்வது போன்ற உணர்வு இருப்பதை மருத்துவர் ஆர்20.2 என்ற நோய்க்குறியீட்டோடு எழுதினால் அதே பரிசோதனைக்குக் காரணம் உண்டாகிறது. மறுத்தால் 180 நாளுக்குள் உள்முறையீடும், அதிலும் மறுத்தால் நான்கு மாதத்துக்குள் வெளிச் சீராய்வும் கோரலாம். கலிஃபோர்னியாவில் நிர்வகிக்கப்பட்ட மருத்துவப் பராமரிப்புத் துறை, நியூஜெர்சியில் வங்கி மற்றும் காப்பீட்டுத் துறை, டெக்சாஸில் காப்பீட்டுத் துறை ஆகியவை இதற்கான வாயில்கள். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் பல, ஊழியரின் மருத்துவச் செலவைத் தாமே ஏற்று நடத்துவதால் அத்திட்டங்கள் மாநிலத் துறைகளின் வரம்புக்குள் வருவதில்லை; அங்கே கூட்டாட்சித் தொழிலாளர் துறையை நாட வேண்டும். காப்பீடின்றிக் கைப்பணம் செலுத்துவோர், முன்பதிவு செய்த சேவைக்கு எழுத்தில் மதிப்பீடு கேட்டுப் பெறலாம். இறுதிக் கட்டணம் அதைவிட 400 டாலரோ மேலோ கூடினால் 120 நாளுக்குள் எதிர்க்கலாம். வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக நல மையங்கள் மூன்று மாநிலங்களிலும் உள்ளன.

வந்துபோகும் பெற்றோருக்கு எடுக்கும் வருகைக் காப்பீடுகள் பொதுவாக முன்பே இருந்த நோய்களை விலக்கிவைப்பவை. தைராய்டும் அதனோடு வரும் நரம்புத் தொல்லையும் பெரும்பாலும் அந்த விலக்கில் அடங்கிவிடும். எனவே பெற்றோரை அழைப்போர், விமானச் சீட்டு எடுக்குமுன் ஊரிலேயே டி.எஸ்.எச்., பி12, இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்து, அறிக்கையின் படியையும் மருத்துவர் சீட்டையும் மாத்திரைகளின் மூல உறைகளையும் கைப்பையிலேயே கொண்டுவரச் செய்ய வேண்டும்.