உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்காக ஒரு மின்கம்பம்!

ஜப்பானில் தீவிர இசை ரசிகர்கள் சிலர் தங்கள் வீட்டு மனையிலேயே சொந்தமாக மின்கம்பம் நட்டு, தனி டிரான்ஸ்ஃபார்மரும் வைத்துக்கொள்கிறார்கள். அக்கம்பக்கத்து ஏசி, ஃபிரிட்ஜின் மின் இரைச்சல் ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையாமலிருக்கத்தான் இவ்வளவு பாடு. காதுக்கு வித்தியாசம் தெரியுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மின்னல் தரும் திடீர் மின்னழுத்தத்தை அந்தக் கம்பம் தடுக்காது என்பது மட்டும் உறுதி. அதற்கு சர்ஜ் புரொடெக்டர்தான் வேண்டும்.

அதனுள்ளே பொத்தான் போல ஒரு துத்தநாக ஆக்சைடு வில்லை இருக்கும். 1960களின் இறுதியில் இதை உருவாக்கியதும் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனமே! இந்த வில்லை, வோல்டேஜ் எகிறும் கணத்தில் மட்டும் மின்சாரத்தைத் தன்வழியே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். பல மாடல்களில், பாதுகாப்பு இருப்பதைக் காட்டும் காவல் விளக்கு அணைந்த பின்னும் பாட்டு ஓடும், பாதுகாப்பு இருக்காது. விளக்கு அணைந்ததும் சர்ஜ் புரொடெக்டரையே மாற்றிவிடுங்கள்.