குளிர்நீர் மீனும் ஆற்றின் பருவங்களும்

எங்கள் ஊர்ச் சந்தையில் விரால் மீன் விற்பவர், அரைப்பானைத் தண்ணீரில் இருபது மீனை அடைத்து வைத்திருப்பார். காலையில் வந்த மீன் பொழுது சாயும் வரை உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும். வாங்கியவர் ஈரச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். வீட்டில் அவிழ்த்தால் அப்போதும் வாலை அடிக்கும். இதைப் பார்த்து வளர்ந்த நான், மீனுக்குத் தண்ணீர் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தால் ஒன்பது உயிர்களைக் கொன்றேன்.

சென்ற ஆண்டு விலங்கியல் துறை மாணவர்கள் நீலகிரிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். அவலாஞ்சியில் உள்ள ட்ரவுட் மீன் குஞ்சுப் பொரிப்பகத்தையும் கண்டோம். எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907ஆம் ஆண்டில் அமைந்தது அது. அவருக்கு முன்பே, 1860களில், பிரான்சிஸ் டே கப்பலில் ட்ரவுட் முட்டைகளை இங்கே கொண்டுவர முயன்று தோற்றிருக்கிறார். வழியிலேயே கெட்டுப்போகும் மீன் இது என்பது அன்றே தெரிந்த செய்தி. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டியில் வளர்க்கலாம் என்று ஒன்பது குஞ்சுகளை ஒரு பிளாஸ்டிக் கேனில் பெற்றுக்கொண்டோம். பொறுப்பு என்னுடையது. கேனை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தின் சன்னலோரம் அமர்ந்தேன். குன்னூர் வரை அவை அடியில் அமைதியாக நின்றன. பர்லியாறு நெருங்கும்போது ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போலும் என்று எண்ணிப் பொரியைத் தூவினேன்! மேட்டுப்பாளையத்தில் பேருந்து நின்றபோது ஒன்பதும் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. எங்கள் பேராசிரியர் கேனை எட்டிப் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை. “தண்ணியோட சூடு பார்த்தியாப்பா?” என்று மட்டும் கேட்டார். “இல்லை சார்” என்றேன்.

அந்த ஒரு கேள்விதான் இக்கட்டுரைக்கு வித்து.

விரால் தலையை வெளியே நீட்டிக் காற்றையே நேராகச் சுவாசிக்க வல்லது. ட்ரவுட்டுக்கு அந்த வசதி இல்லை. நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள் வழியே பிரித்தெடுத்துத்தான் அது வாழவேண்டும். நீர் சூடேற ஏற, அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி செல்சியஸில் உள்ள நன்னீர், லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 20 டிகிரியில் 9; 30 டிகிரியில் ஏழரை. அதே வேளையில், மீனின் உடல் சூடேற ஏற அதன் தேவையோ மிகுகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பத்தின் நிலைதான். ட்ரவுட்டுக்கு இதமான நீர் 10 முதல் 16 டிகிரி வரை. இருபதைத் தாண்டினால் தவிக்கும். இருபத்தைந்தை ஒட்டிப் பெரும்பாலும் மடியும். மலையிலிருந்து இறங்கிய பேருந்தில், என் மடியில் நடந்தது இதுவே.

அப்படியானால் தன் சொந்த நாட்டில், கோடை வந்து ஆறு சூடேறும்போது இந்த மீன் என்ன செய்கிறது? இதைத் தேடித்தான் சில மாதங்கள் நூலகத்திலும் இணையத்திலும் படித்தேன்.

வானவில் ட்ரவுட்டின் தாயகம், வட அமெரிக்காவின் பசிபிக் கடற்கரையும் ஆசியாவின் வடகிழக்கு முனையுமாகும். நம் நூலகத்துப் பழைய நூல்களில் சால்மோ கெய்ர்ட்னெரி என்று இதன் பெயர் இருக்கும். அது சால்மன்களின் நெருங்கிய உறவு என்று தெளிந்து, 1989இல் ஆங்கோரிங்கஸ் மைக்கிஸ் என்று மாற்றினர். தேர்வில் பழைய பெயரை எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் மன்னிப்பார்களாக. இந்த ஓர் இனத்துக்கே இரு வாழ்க்கைகள் உண்டு. ஆற்றிலேயே பிறந்து ஆற்றிலேயே முடிவது வானவில் ட்ரவுட். ஆற்றில் ஓரிரண்டு ஆண்டு வளர்ந்து, கடலுக்குச் சென்று, அங்கே ஓரிரண்டு ஆண்டு உண்டு பெருத்து, முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புவது ஸ்டீல்ஹெட். கடலிலிருந்து வரும்போது தலையில் எஃகின் நீலச்சாம்பல் மின்னுவதால் அப்பெயர். ஒரே தாயின் முட்டைகளில் சில ஆற்றோடு தங்க, சில கடலுக்குப் போவதும் உண்டு. முட்டையிட்டதும் இறந்துபோகும் பசிபிக் சால்மன்களைப் போலன்றி, ஸ்டீல்ஹெட்டில் சில மீண்டும் கடலுக்குச் சென்று மறுமுறையும் திரும்பும். கொலம்பியா ஆற்றின் வழியே ஐடஹோ மலைகளுக்கு ஏறுபவை 1,400 கிலோமீட்டருக்கு மேல் நீந்தி, இரண்டாயிரம் மீட்டர் உயரத்தை எட்டுகின்றன.

இந்த இரட்டை வாழ்வுக்கு வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆறு சான்று. அதன் குறுக்கே நின்ற இரண்டு அணைகள், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 2011க்கும் 2014க்கும் இடையே இடிக்கப்பட்டன. அணைகளுக்கு மேலே சிறைப்பட்ட மீன்கள் தலைமுறை தலைமுறையாக ட்ரவுட்டாகவே வாழ்ந்திருந்தன. வழி திறந்ததும், மறைந்தேவிட்டதாகக் கருதப்பட்ட கோடைக்கால ஸ்டீல்ஹெட் அந்த ஆற்றில் மீண்டும் தோன்றியது.

இனி பருவங்களுக்கு வருவோம். ஓரகான் மாநிலத்தின் வடக்கு அம்ப்குவா ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். கேஸ்கேடு மலைத்தொடரில் பிறந்து மேற்கே ஓடி, தெற்கு அம்ப்குவாவுடன் கூடிப் பசிபிக்கில் கலக்கும் ஆறு அது. அங்கே மழைக்காலம் நவம்பர் முதல் மார்ச் வரை. மலை உச்சியில் அதே காலத்தில் பனி. மே, ஜூனில் பனி உருகி ஆறு பெருகும். ஜூலை, ஆகஸ்டில் மழையே இராது. நம் காவிரியில் ஆடிப்பெருக்கு வரும் நாளில் அங்கே ஆறு சுருங்கிப் பாறை தெரியும். எனினும் வடக்கு அம்ப்குவாவின் தலைப்பகுதி எரிமலைப் பாறைப் பூமி. மழையும் பனிநீரும் அப்பாறைகளின் துளைகளில் இறங்கி, கோடை முழுதும் குளிர்ந்த ஊற்றாகக் கசிகின்றன. ஆகவே ஆறு அடியோடு வற்றுவதில்லை. அந்த ஊற்று வளமற்ற தெற்கு அம்ப்குவா கோடையில் வெந்நீராகிவிடுகிறது. பெயரில் உடன்பிறப்பு, குணத்தில் இல்லை.

இவ்வாற்றுக்கு ஸ்டீல்ஹெட் ஆண்டில் இரு கூட்டமாக வரும். குளிர்காலக் கூட்டம் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை, முதிர்ந்த சினைகளோடு வந்து விரைவில் முட்டையிடும். கோடைக் கூட்டம் மே முதலே வரத் தொடங்கும். அவற்றின் சினை அப்போது முதிர்ந்திராது. மறு ஆண்டின் தொடக்கம் வரை, ஏறத்தாழ உண்ணாமலே, ஆற்றில் காத்துக் கிடக்கும். நம்மூரில் கல்யாணத்துக்கு ஆறு மாதம் முன்பே வந்து திண்ணையில் அமர்ந்துவிடும் உறவினரைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் சோறு கேட்காத உறவினர்!

இந்த மீனைப் பிடிக்க ஈத்தூண்டிலைப் பயன்படுத்துவர். நம் தூண்டிலில் மண்புழுவும் ஈயக்குண்டும் தக்கையும் உண்டு. குண்டின் கனம்தான் நூலை இழுத்துச் செல்லும். ஈத்தூண்டிலில் இரையும் இல்லை, குண்டும் இல்லை. முள்ளின் மேல் இறகும் மயிரும் சுற்றி ஒரு பூச்சியைப் போலச் செய்திருப்பர். அதற்குக் கனமே கிடையாது. ஆகவே நூலையே கனமாகச் செய்து, சாட்டையைப் போல வீசுவர். (பழைய சால்மன் ஈக்களில் நம் தென்னாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு பெரிதும் விரும்பப்பட்டது. இன்று அப்பறவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது, நல்லது.) வடக்கு அம்ப்குவாவில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் நீளத்துக்கு ஈத்தூண்டில் தவிர வேறெதற்கும் இடமில்லை என்பது 1952 முதல் விதி.

உண்ணாத மீன் பொய்யிரையைக் கவ்வுவது ஏன் என்பதற்கு அறிவியலாரிடம் ஒருமித்த விடை இல்லை. ஆனால் எப்போது கவ்வும் என்பதைத் தூண்டில்காரர் நன்கறிவர். அதைச் சொல்வது ஆற்றின் மூன்று செய்திகள்: மட்டம், நிறம், வெப்பம்.

குளிர்காலத்தில் முதல் இரண்டும் முக்கியம். மழை கொட்டியதும் ஆறு ஏறிக் கலங்கலாகும். மரக்கட்டைகள் உருண்டு வரும். அப்போது மீன் கரையோரம் ஒதுங்கிக்கொள்ளும். தூண்டில்காரருக்கும் வீட்டில் ஒதுங்குவதே வேலை. மழை விட்டு ஆறு வடியத் தொடங்கும் நாள்தான் அவருடைய நாள். மண் நிறம் மாறி ஒரு மங்கிய பச்சை நிறம் ஓடும். அதற்கு ஸ்டீல்ஹெட் பச்சை என்றே பெயர். முழங்கால் ஆழத்தில் நின்று குனிந்தால் தன் பாதம் மங்கலாகத் தெரியவேண்டும் என்பது ஒரு கணக்கு. மீன் வழி காணும் அளவுக்குத் தெளிவு, அஞ்சி ஓடாத அளவுக்குக் கலங்கல். முற்றிலும் தெளிந்துவிட்டால் மீன் விழிப்பாகிவிடும். ஆகவே நாள்தோறும் அரசின் நீரளவு நிலையங்கள் தரும் கன அடிக் கணக்கைப் பார்த்தபடி இருப்பர். நம் செய்தித்தாள்களில் மேட்டூர் நீர்வரத்தைப் பார்க்கும் உழவரை நினைத்துக்கொள்ளுங்கள். நானும் இப்போது இரவில் கைப்பேசியில் அந்த ஆற்றின் அளவைப் பார்த்துவிட்டே உறங்குகிறேன். விடுதி நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

குளிர்காலத்து நீர் ஐந்தாறு டிகிரியில் இருக்கும். அப்போது மீன் மந்தமாகி, அடியில், மெதுவான நீரில் கிடக்கும். எட்டத்தில் போகும் இரையைத் துரத்தாது. எனவே மூழ்கும் நூலில் பெரிய ஈயைக் கட்டி, மூக்கருகே மெல்ல ஊசலாடச் செய்யவேண்டும். கோடையிலோ மிதக்கும் நூலும் சிறிய ஈயும் போதும்; மேற்பரப்புக்கே எழுந்து வந்து கவ்வும். விடியலிலும் அந்தியிலும், வெயில் நீரில் படாத நேரத்தில் வீசுவர்.

ஆற்றிலேயே தங்கும் ட்ரவுட்டின் கதை வேறு. அது உண்ணும் மீன். ஆகவே பூச்சிகளின் காலத்தை அறியவேண்டும். ஓரகானின் டெஷூட்ஸ் ஆற்றில், மே இறுதியில், விரல் நீளக் கல் ஈக்கள் நீரிலிருந்து ஏறிப் புதர்களில் அப்பிக்கொள்ளும். அப்போது ட்ரவுட் கரையோரக் கிளைகளின் கீழ், விழும் ஈக்காகக் காத்து நிற்கும்.

நான் தேடிய விடை ஆகஸ்டு மாதத்தில் இருந்தது. வடக்கு அம்ப்குவாவின் துணையாறு ஸ்டீம்போட் ஓடை. கோடைக் கூட்டத்தின் பெரும் பகுதி அதில்தான் முட்டையிடும். கோடையில் அவ்வோடை சூடாகிவிடும். ஆனால் பிக் பெண்ட் என்னும் சிற்றோடை வந்து சேரும் இடத்தில், குளிர்நீர் தங்கும் ஒரு மடு உண்டு. நூற்றுக்கணக்கான ஸ்டீல்ஹெட்கள் மழை வரும் வரை அந்த ஒரே மடுவில் அடைந்து நிற்கின்றன. என் கேனில் இல்லாதது அந்த மடுதான்.

ஒரே இடத்தில் அடைந்த மீன் திருடருக்கு எளிது. அங்கே வெடி வைத்துக் கொன்றவர்கள் உண்டு. பின்னர் லீ ஸ்பென்சர் என்னும் தொல்லியலார், மீன் வந்து சேரும் நாள் முதல் கலைந்து போகும் நாள் வரை, ஒரு நாயோடு அம்மடுவின் கரையிலேயே ஆண்டுதோறும் காவலிருந்தார். காவலோடு நில்லாமல் மீன்களின் ஒவ்வோர் அசைவையும் குறித்து வைத்து, 2017இல் நூலாக வெளியிட்டார்.

குளிர்நீருக்குக் காவல் வேறு வகையிலும் தேவைப்பட்டது. ஓடைக்கரை மரங்களை வெட்டியதால் நிழல் போய் நீர் சூடேறியதை, 1968இல் ‘பாஸ் க்ரீக்’ என்ற குறும்படம் நாட்டுக்குக் காட்டியது. அதற்குத் துணை நின்ற ஃபிராங்க் மூர், நார்மண்டியில் போரிட்டுத் திரும்பி, அவ்வாற்றங்கரையில் தங்குவிடுதி நடத்தியவர். அவர் பெயரால் ஏறத்தாழ ஒரு லட்சம் ஏக்கர் காடு 2019இல் சட்டப்படி காக்கப்பட்டது. மறு ஆண்டு செப்டம்பரில் மூண்ட ஆர்ச்சி க்ரீக் தீ, அப்பள்ளத்தாக்கில் 1,31,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. 2021 கோடையில் திரும்பி வந்த மீன் மிகக் குறைவு. ஆகஸ்டில் அரசு அவ்வாற்றில் தூண்டில் போடுவதையே நிறுத்திவைத்தது.

பிடித்த மீனை விட்டுவிடுகிறோமே, என்ன தீங்கு என்று கேட்கலாம். போராடிய மீனின் தசைகளில் அமிலம் சேர்கிறது. அது நீங்கப் பிராணவாயு வேண்டும். சூடான நீரில் அது கிடைக்காது. விட்டவர் கண்ணுக்கு நீந்திப் போகும். சில மணி நேரத்தில் எங்கோ மடியும். இதனால்தான் மோன்டானா மாநிலத்தில், நீர் மூன்று நாள் தொடர்ந்து 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸை எட்டினால், பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் தூண்டில் கூடாதென்று அறிவிப்பர். அதற்கு ஆந்தை விதி என்று பெயர். காட்டுத்தீக்கு அஞ்சி, ஆந்தை அலறும் வைகறையிலேயே மரம் வெட்டப் போன தொழிலாளர் வழக்கிலிருந்து வந்த சொல் அது. ஆகவே தேர்ந்த தூண்டில்காரர் பையில் ஈப்பெட்டியோடு ஒரு வெப்பமானியும் இருக்கும். நீரில் அதை முதலில் விட்டுப் பார்ப்பார். கூடுதல் காட்டினால் கோலை மடக்கிக்கொண்டு திரும்புவார்.

இவ்வாண்டும் எங்கள் துறை அவலாஞ்சிக்குச் சென்றது. குஞ்சு வேண்டுமா என்ற பேச்சு எழுந்தது. எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டி நீரை முதல் நாளே அளந்திருந்தேன், 27 டிகிரி. வேண்டாம் என்றேன். சென்ற ஆண்டின் ஒன்பதும் ஃபார்மலின் சாடியில், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. சாடியின் சீட்டில் இனப்பெயர், இடம், நாள் மட்டுமே இருந்தன. திரும்பி வந்ததும் அதன் கீழே ஒரு வரி சேர்த்தேன்: நீரின் வெப்பம், அளக்கப்படவில்லை.